நோட்டில் வண்டி நம்பர், தோளில் துண்டு: அப்பாவை என்ன செய்வது?

கேள்வி:

என் அப்பாவுக்கு 71 வயது. கோவை சிங்காநல்லூர் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். 34 வருஷம் ஸ்பின்னிங் மில்லில் சைடு (நூற்கும் மிஷினின் ஒரு பக்கம்) பார்த்துவிட்டு 2012-ல் ரிட்டயர்டு ஆனவர். மாசம் 1,870 ரூபாய் பென்ஷன். அம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஓசூரில் இருக்கிறேன்.

இப்போது தெருவில் அவருக்கு யாரோடும் பேச்சு கிடையாது. எதிர்வீட்டுக்காரர் காரை நம் கேட்டை மறைத்து நிறுத்துகிறாராம். பக்கத்து வீட்டு ஏசி தண்ணீர் நம் சுவரில் விழுகிறதாம். பின்வீட்டுப் பையன் வைக்கும் பாட்டு மண்டையைப் பிளக்கிறதாம். எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்கிறார். ஒரு நீள நோட்டில் தேதி, மணி, வண்டி நம்பர் எல்லாம் எழுதி வைக்கிறார். ஸ்டேஷனில் மூன்று மனு கொடுத்தாகிவிட்டது.

இன்னொரு பக்கம் போராட்டம். வாரத்துக்கு இரண்டாவது போய்விடுகிறார். பென்ஷன், கரண்ட் பில், யாரோ எங்கேயோ வேலையை விட்டு நிறுத்தினது, எதுவானாலும் சரி. அன்றைக்கு ஐந்து மணிக்கே குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, எக்ஸெல் மொபெட்டை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்புவார். போன மாசம் மறியலில் பிடித்து மண்டபத்தில் வைத்து ராத்திரி ஏழரைக்குத்தான் விட்டார்கள். என் கணவர், “உங்கப்பாவை இனி ஜெயில்லதான் பார்க்கணுமா?” என்று கேட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எனக்கு போன் பண்ணி, “ரோட்ல பாத்து வாங்கன்னு கூப்புட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாருங்க, நாங்க என்ன பண்ணினோம்?” என்று வருத்தப்படுகிறார். நான் போனில் பேசினாலும் சண்டைதான். நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்கிறார். அம்மா இருந்தவரை இப்படி இல்லை. இது மனநோயா? போராட்டத்துக்குப் போவதை நிறுத்தலாமா? ஓசூருக்கே கூட்டி வந்துவிடலாமா?

பெயர் வேண்டாம், ஓசூர்.

பதில்:

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நானும் அந்த மண்டபத்திலும் ஏழரை மணியிலும்தான் நின்றேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டும் அவர் திரும்பிப் பார்க்காமல் போனது ஒன்று. நீங்கள் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொல்வது இன்னொன்று. இவற்றோடு அந்த 34 வருஷத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற கேள்வி மனசைப் பற்றியது இல்லை. அப்பாவுக்குக் காது எப்படிம்மா?

ஸ்பின்னிங் மில்லுக்குள் ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற கூடத்தில் 90 டெசிபலைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். எட்டு மணி நேர ஷிப்டுக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கிற எல்லையே அந்த 90 தான். என் சொந்தத்தில் ஒரு பெரியப்பா சைடு பார்த்தவர். வீட்டிலும் அவர் பாதிப் பேச்சைக் கையால்தான் பேசுவார். நூல் அறுந்தால் ஒரு சைகை, டீக்குப் போகலாம் என்றால் ஒன்று, மேஸ்திரி வருகிறார் என்றால் ஒன்று. அந்தச் சத்தத்தில் வாய் திறந்து பிரயோஜனம் இல்லை என்று ஒரு தலைமுறையே கண்டுபிடித்த பாஷை அது. வாய் அசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள். ஆள் எதிரே நின்றால் எல்லாம் புரியும். முதுகுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் கிடையாது.

சத்தத்தில் வேலை பார்த்துக் கெட்ட காது முழுசாக அடைத்துக்கொள்ளாது, அதுதான் அதில் உள்ள தந்திரம். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயி. ச, த, க, ப மாதிரி மெல்லிய எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் அடிபடும். யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன சொன்னார்கள் என்பது கேட்காது. அதனால் அவரும் “எனக்கு நல்லாக் கேக்குதே” என்பார், அதில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சத்தை அவரே ஊகித்து நிரப்பிக்கொள்வார். அம்மா போன துக்கத்தில் தனியாக இருக்கிற ஆள் நல்லதாகவா நிரப்புவார்?

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. இப்படிக் கெட்ட காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது. ஆனால் கொஞ்சம் கூடினால் போதும், சட்டென்று வலிக்கிற அளவுக்கு ஏறிவிடும். நடுவில் இருக்க வேண்டிய படிகள் காணாமல் போயிருக்கும். அக்காவின் “வாங்க” காதில் விழாதவருக்குப் பின்வீட்டு வூஃபர் மண்டையைப் பிளப்பது இதனால் இருக்கலாம். தெருக்காரர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? “நாம கூப்பிட்டாக் கேக்காது, பாட்டுப் போட்டா மட்டும் கேக்குது பாரு” என்றுதான். அவர் தன் பேச்சை உரக்கப் பேசுகிறார், அவர்களுக்கு அது கத்தலாகக் கேட்கிறது. பதிலுக்கு அவர்கள் சொல்வது அவருக்குக் கேட்பதில்லை, மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு சண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்.

“அம்மா இருந்தவரை இப்படி இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாராவது வந்து பேசினால் அம்மா அதையே திருப்பி ஒருமுறை அப்பாவிடம் சொல்வாரா? “எதிர்வீட்டுத் தம்பி வண்டியை அப்புறம் எடுத்துக்கறேங்கிறாருங்க” என்று? போனை எடுப்பதும் அவராகத்தான் இருந்திருக்கும். மதில்மேல் ரசமும் சாம்பாரும் போய் வந்ததும், அப்பா காலையில் கத்தியதற்குச் சாயந்திரம் வாசலில் நின்று சமாதானம் சொன்னதும் அவராகத்தான் இருக்கும். என்னிடம் வருகிற பெரியவர்களில் மனைவி போன பிறகுதான் காது போனது வெளியே தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதுவரை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காது இருந்தது.

சரி, போராட்டத்துக்கு வருவோம். செவி மந்தமான ஒருவருக்குக் கோவையிலேயே வசதியான இடம் எது என்று கேட்டால் பவர் ஹவுஸ் முன்னால் நடக்கிற ஆர்ப்பாட்டம் என்பேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மைக் செட் இருக்கிறது. பேசுகிறவர் எதிரே நிற்கிறார், முகம் தெரிகிறது. என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்: “உயர்த்திடு உயர்த்திடு” என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். வார்த்தை தவறினாலும் கை எப்போது உயர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கத்தினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கத்தத்தான் வந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று அவர் ஒன்று சொன்னால் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. அங்கே அவர் ஒன்று சொன்னால் நூறு பேர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

அதோடு, அவருடைய கோரிக்கை ஒன்றும் பொழுதுபோக்கு இல்லை. அந்த 1,870 ரூபாயைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். பி.எஃப். பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் அதன் கணக்கு. சம்பளம் என்றால் முழுச் சம்பளம் இல்லை, உச்சவரம்பு வரைதான். அப்பா 2012-ல் வெளியே வந்தபோது அந்த வரம்பு 6,500. அதை 17 வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,578 வருகிறது. 95-க்கு முந்தைய சேவைக்குச் சேர்த்த சில்லறைதான் மிச்சம். வரம்பை 15,000 ஆக்கியது 2014 செப்டம்பரில். அவர் இரண்டு வருஷம் முந்திப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான். குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று வைத்ததும் அதே மாதம்தான். இந்தப் பென்ஷனுக்கு விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படி கிடையாது. 2012-ல் வந்த அதே தொகைதான் இன்றைக்கும் வருகிறது. குறைந்தபட்சத்தை 7,500 ஆக்கிப் பஞ்சப்படியும் கொடு என்று கேட்கத்தான் அவர் போகிறார். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஜெயில் பேச்சு கொஞ்சம் குறையும்.

கோவை மில் தொழிலாளிக்குக் கொடி பிடிப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேர் கோவைச் சிறையில் தூக்கில் போடப்பட்டார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அங்கே கூட்டம் கூடுகிறது. 1972-ல் விவசாயிகள் மின்கட்டணத்துக்காக மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து இந்த நகரத்தையே நிறுத்திவிட்டார்கள். அப்போது உங்கள் அப்பாவுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். கேட்டுப் பாருங்கள், பார்த்திருப்பார். கேட்கும்போது போனில் கேட்காதீர்கள், நேரில் எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு காதுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பார்க்க வேண்டிய வரிசையில் அதுதான் முதலில். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருந்து ரிட்டயர்டு ஆன தொழிலாளி வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் மருத்துவ வசதி தொடரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஐந்து வருஷமாவது இன்சூரன்ஸில் இருந்து, வயதாகி ஓய்வு பெற்றிருந்தால் போதும். அவர் அட்டையைத் தேடி எடுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனை அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சிங்காநல்லூரில்தான் இருக்கிறது.

கூட்டிப் போவது எப்படி என்பதுதான் கஷ்டம். “உங்களுக்குக் காது கேக்கலப்பா” என்று ஆரம்பித்தால் அன்றைக்கே முடிந்தது கதை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அப்பா, மில் சத்தத்துல காது போறது தொழில் நோய்னு சட்டத்துலயே போட்டிருக்காம். உங்களுக்கு எவ்வளவு போயிருக்குன்னு ஒரு ரிக்கார்டு எடுத்து வெச்சுக்கலாம்.” நான் புனைந்து சொல்லவில்லை. சத்தத்தால் வரும் செவித்திறன் குறைவு பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது, 2025 நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக வந்த சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. பதின்மூன்று வருஷம் கழித்து நஷ்டஈடு கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், நீங்களும் காட்டாதீர்கள். ஆனால் நோயாளியாகப் போக மாட்டேன் என்கிற மனுஷர் உரிமையைக் கேட்கப் போகிறவராகக் கிளம்புவார். அந்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு.

காது மிஷின் வைக்கச் சொன்னால் முதல் ஒரு மாதம் அவர் அதைத் திட்டுவார். தட்டு வைக்கிற சத்தம், ஃபேன் சத்தம், தன் செருப்புச் சத்தம், எல்லாமே புதுசாக உள்ளே வரும். இரண்டு மூன்று தடவை அளவு மாற்றிச் சரி பண்ணினால்தான் உட்காரும். கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் எல்லாரும் இந்த முதல் மாதத்தில் தோற்றவர்கள்தான். பட்டாசு, மைக் செட் பக்கத்தில் போகும்போது கழற்றிவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் போராட்டத்துக்கு இடைஞ்சல் என்று அதன் மேலும் ஒரு மனு எழுதுவார்.

அதே நடையில் ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12 இவற்றையும் பார்த்துவிடுங்கள். வயதானவரின் எரிச்சலுக்குப் பின்னால் இதில் ஏதாவது ஒன்று இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

மனநோயா என்று கேட்டீர்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒளித்துப் படிக்க வேண்டாம், “காட்டுங்கப்பா” என்று கேட்டே வாங்குங்கள். தேதி, மணி, வண்டி நம்பர், எவ்வளவு நேரம் நின்றது என்று இருந்தால் எனக்குக் கவலை இல்லை. ஷிப்டுக்கு ஷிப்டு எத்தனை கிலோ நூல் இறங்கியது, எத்தனை மணிக்கு மிஷின் நின்றது என்று எழுதிப் பழகிய கை அது. ஆனால் “தொட்டியில் ஏதோ கலக்கிறார்கள்”, “ஹாரன் அடித்து ஒருத்தருக்கொருத்தர் சாடை காட்டுகிறார்கள்”, “ராத்திரி வீட்டுக்குள் ஆள் வந்து போகிறது” என்று எழுதியிருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கமே இல்லாமல் நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக ஓடுவது, கடன் வாங்கிச் சங்கங்களுக்கு நன்கொடை கொடுப்பது, இதுவரை வாயில் வராத கெட்ட வார்த்தை வருவது, தெரிந்த வழியில் வண்டியை ஓட்டிப் போய்த் திகைத்து நிற்பது, இவையும் அப்படியே. ஐம்பதில் வராத இந்தக் குணங்கள் எழுபதில் புதிதாக வந்தால் அதை வயசு என்று தள்ளிவிடக் கூடாது. இரவில் திடீரென்று பயமாக இருந்தால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், முதியவர்களுக்கென்று பகல் நேரத்தில் 14567-ம் இருக்கிறது, இரண்டிலும் தமிழில் பேசுவார்கள்.

அக்கம்பக்கம். மூன்று புகாரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஏசி தண்ணீர் என்பது பத்தடி ஓஸ் பைப்பும் ஒரு பிளம்பரும். அதற்கு ஸ்டேஷன் எதற்கு? அந்த அக்காவிடம் நீங்களே பேசி, காசையும் நீங்களே கொடுத்து, இந்த வாரமே முடித்துவிடுங்கள். நியாயப்படி அவர்கள்தான் கொடுக்க வேண்டும், தெரியும். விடுங்கள். சுவர் காய்ந்ததை அப்பா பார்த்தால் போதும்.

கார் வேறு விஷயம். அவர் ஓட்டுவது எக்ஸெல்தானே, கார் நின்றாலும் சந்தில் எடுத்துவிடலாமே என்று எதிர்வீட்டுக்காரர் நினைக்கிறார் போல. எக்ஸெல் போகிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. 34 வருஷம் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் கேட் அது, அதை மறைத்து நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. இதில் உங்கள் அப்பா சொல்வது சரி, அதை நீங்கள் அவரிடமே ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் “நீங்க சொல்றது சரிதாம்ப்பா” என்று யாராவது சொன்னார்களா? சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரரிடம் நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது தயவுசெய்து “அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கண்டுக்காதீங்க” என்று சொல்லாதீர்கள். நாம் சமாதானத்துக்குச் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தில்தான் பெரியவர்களைத் தெருவே பைத்தியக்காரர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. காது பரிசோதனை முடிந்த பிறகு, அப்பாவிடம் சொல்லிவிட்டு, “அவருக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க, முன்னால வந்து நின்னு பேசுனீங்கன்னா நல்லாப் பேசுவாரு” என்று சொல்லலாம். பின்வீட்டுப் பையனுக்கும் இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

நான்காவது மனு இப்போதைக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் தவணை கேளுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் எதிராளியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்படி ஒருமுறை பெஞ்சில் உட்கார்ந்து வந்த ஆள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். அதையும் தாண்டித் தகராறு நீண்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போகலாம், செலவு கிடையாது. தெருச் சண்டையைச் சமரசம் பேசி முடிக்க 2023-ன் மத்தியஸ்தச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

மனு எழுதத் தெரிந்தவரைத் தெருவுக்காக எழுத வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சாக்கடை, தெருவிளக்கு என்று எல்லாருடைய கையெழுத்தையும் வாங்கித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவரையே அனுப்புவது. என்னிடம் வந்த ஒருவருக்கு இது அருமையாக வேலை செய்தது, தெருவே அவரைத் தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்தது. இன்னொருவர் விஷயத்தில் ஊத்திக்கொண்டது, கையெழுத்துப் போடாத மூன்று வீட்டோடு புதிதாகச் சண்டை வந்தது. உங்கள் அப்பா எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காது சரியாவதற்கு முன்னால் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

போராட்டத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் வகை பார்த்துப் போகச் சொல்லுங்கள். ஆர்ப்பாட்டம் வேறு, மறியல் வேறு, முற்றுகை வேறு என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். போலீஸ் அனுமதி வாங்கி, ஒரு மணி நேரம் நின்று கோஷம் போட்டுக் கலைகிற ஆர்ப்பாட்டத்துக்குத் தாராளமாகப் போகட்டும். மறியலும் முற்றுகையும் தள்ளுமுள்ளில் முடியக்கூடியவை, 71 வயது இடுப்பெலும்பு ஒரு தள்ளுக்குத் தாங்காது. உண்ணாவிரதம் என்றால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பந்தலில் போய் உட்கார்ந்து வாழ்த்திவிட்டு வரலாம், பட்டினி கிடக்கக் கூடாது. மே மாத வெயிலில் பதினொரு மணிக் கூட்டம் வேண்டவே வேண்டாம். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக இறக்கும். அதோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் மயக்கம் வரலாம். சட்டைப் பையில் ஒரு அட்டையில் உங்கள் நம்பர், அவர் மாத்திரைகளின் பெயர், ரத்த வகை. பையில் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், மதிய மாத்திரை. கூட்டிப் போகிற சங்கத்துக்காரர் ஒருவர் நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும்.

போன மாசம் நடந்ததைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பிடித்து, வேனில் ஏற்றி, மண்டபத்தில் உட்கார வைத்து, மத்தியானம் சாப்பாடு கொடுத்து, சாயந்திரம் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு விடுவது நம் ஊரில் வழக்கமான நடைமுறை. அதை ஜெயில் என்று யாரும் சொல்வதில்லை. முன்னெச்சரிக்கையாகப் பிடித்தவரை வேறு சட்டப்படி உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. 60 வயது தாண்டியவரை, மூன்று வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்காக, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(7) பிரிவு சொல்கிறது. அதே சமயம், சாயந்திரம் விட்டுவிட்டார்கள் என்பதால் எல்லாம் முடிந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில சமயம் வழக்குப் பதிவாகி மாதங்கள் கழித்து சம்மன் வரும். சங்கத்து வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஓசூருக்குக் கூட்டி வருவது இப்போது வேண்டாம். காது கேட்காத ஒருவரைத் தெரிந்த தெருவிலிருந்து எடுத்துத் தெரியாத அபார்ட்மென்டில் வைத்தால், அங்கே ஏசி தண்ணீர் மேலிருந்தும் கீழிருந்தும் வரும், கோஷம் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. பொங்கலை ஒட்டிப் பத்து நாள் வந்து இருக்கச் சொல்லுங்கள். ஜனவரி 8 முடிந்த பிறகு கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் வர மாட்டார்.

உங்கள் அவமானத்தைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு நாள் கோவை போகும்போது, அவருக்குச் சொல்லாமல், கூட்டம் நடக்கிற இடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று பாருங்கள். அவர் எந்த வரிசையில் நிற்கிறார், யார் யார் வந்து அவர் கையைப் பிடிக்கிறார்கள், கோஷம் முடிந்ததும் யாரோடு டீ குடிக்கிறார் என்று. கூட்டம் கலைந்ததும் எதிரே போய் நின்று கூப்பிடுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆடியோகிராம் காகிதம் கைக்கு வந்ததும் இதே விலாசத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நோட்டில் கடைசி இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால் நல்லது, அப்பாவிடம் கேட்டுவிட்டு.